போனுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத சாமான் கிடையாது. மிக்ஸி, தையல் மெஷின், கத்தரிக்கோல், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் உண்டு. போன வருஷம் போனுக்கும் வைத்தேன். முதுகில் கவர் போட்டிருந்தது. கவருக்கு வைத்தால் போனுக்கு வைத்ததாகுமா? அதனால் கண்ணாடியின் மேலோரத்திலேயே, சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மறுநாள் விஜயதசமி. காலையில் துடைத்துக் கையில் எடுத்தால் போன் தானாக ஆடுகிறது. நான் தொடவே இல்லை. திரை மேலும் கீழும் ஓடுகிறது, கேமரா திறக்கிறது, பால்காரருக்குப் போன் போகிறது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். புடவைத் தலைப்பால் அழுத்தித் தேய்த்தேன். அது பாட்டுக்கு அது ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

இதே ஊரில் ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் ஒரே அக்கா. அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று அவள் வீட்டில் வாய்த் தகராறு முற்றி, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மயிலாப்பூர் திரும்பியவள் நான். அந்த வருஷமே அவள் ஒருமுறை போன் செய்தாள். வேண்டுமென்றே கட் பண்ணினேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் பேச்சு மூச்சில்லை. இப்போது, நல்ல நாளில் தொடங்கினால் விளங்கும் என்று நினைத்தாளோ என்னவோ, திரையில் அவள் பெயர். விரலைக் கொண்டுபோவதற்குள் போனே கட் பண்ணிவிட்டது. மறுபடி அடித்தாள், மறுபடி கட். மூன்றாம் தடவையும் அதே கதை. நாலாவது தடவை அவள் கூப்பிடவில்லை.

திருப்பிக் கூப்பிடலாம் என்று அவள் பெயரைத் தொட்டால் வேறு யாருக்கோ போகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து அடித்தேன். தெரியாத நம்பரை அக்கா எடுக்க மாட்டாள். யாரோ சொன்னார்களே என்று அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். அரிசியில் சந்தன வாசனை ஏறியதுதான் மிச்சம்.

கடைசியில் தி.நகரில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரைக்குக் காப்பாக மேலே ஒட்டியிருந்த கண்ணாடியைப் பெயர்த்தார். அடியில் மஞ்சளாகப் பக்குக் கட்டியிருந்தது.

"இன்னாம்மா, போனுக்கும் பூசை போட்டியா?" என்றார்.

சிரிக்கக்கூட இல்லை. வருஷா வருஷம் இந்த வாரம் இப்படிச் சிலர் வருவார்களாம். ஈரம் உள்ளே இறங்கிவிட்டதால் அதையே விரல் என்று போன் நினைத்துக்கொள்கிறதாம். துடைத்துப் பார்த்தார், காயவைத்துப் பார்த்தார், வேலைக்கு ஆகவில்லை. டிஸ்பிளேயை மாற்ற வேண்டும், சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரமும் அவள் என்ன நினைப்பாள் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை நிஜமாகவே கட் பண்ணியவளை யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

போன் கைக்கு வந்ததும் கடை வாசலில் நின்றபடியே அடித்தேன். உடனே எடுத்தாள். சந்தனம், ஈரம், அரிசி டப்பா, ஒன்று விடாமல் மூச்சு விடாமல் கொட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"போன் கெட்டுப்போச்சு, சரி, நம்பறேன். பஸ்ஸுமா கெட்டுப்போச்சு?"

அத்தனை நாளும் கிளம்பலாம் என்று நினைக்காமல் இல்லை. தினமும் நினைத்தேன். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன பாழாய்ப்போன சொல் காலைக் கட்டியது. அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

புது டிஸ்பிளே நன்றாக வேலை செய்கிறது. நான் கூப்பிட்டால் இப்போது அவள்தான் கட் பண்ணுகிறாள். ஆதம்பாக்கத்துக்கு இன்றுவரை நான் போகவில்லை.