செத்தவர் திரும்பி வந்த ரீல்

அந்தப் புல்லாங்குழல் பொய். கேட்ட மறுநொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்றுக் காலை மெர்கோங் சந்தையில் வாங்கி வந்த நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். ஸ்டீபனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, வெளியிட்டாச்சு. கேட்டுட்டுத் திட்டுங்க." கையைக் கழுவக்கூடப் பொறுமையில்லாமல் கைப்பேசியை எடுத்துக் கேட்டேன். இன்னும் அதில் நெத்திலி வாடை போகவில்லை. கேட்டு முடித்து நன்றாகத் திட்டினேன். அவனே கேட்டுக்கொண்டது, ஏன் குறை வைக்க வேண்டும்?

ஸ்டீபன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பண்டார் பாரு என்ற ஊர்க்காரன். வாரநாளில் தொழிற்சாலையில் எஞ்சினியர், ஞாயிறு காலையில் தேவாலயத்தில் கீபோர்டு. மிச்ச நேரத்தில் எங்களைப் போன்ற கிறுக்குகளுக்குத் தலைவன். பழைய தமிழ்ப் படங்களின் பின்னணி இசையை மீட்டெடுக்கும் கூட்டம் நாங்கள். பாட்டுகளை எல்லாரும் பத்திரப்படுத்திவிட்டார்கள். கதாநாயகி கதவைத் திறக்கும்போது வந்த வயலினையும், வில்லன் படியேறும்போது அதிர்ந்த தபேலாவையும் யாரும் சீந்தவில்லை. கதை வசன ரிக்கார்டு, தொலைக்காட்சியில் பிடித்த வீடியோ, தேய்ந்துபோன கேசட் என்று எதில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த இசையைச் சுரண்டி எடுக்கிறோம். வசனத்தை நீக்கி, இரைச்சலைக் கழுவி, இசையை மட்டும் தனியாக நிறுத்துவோம். சிலர் அமெரிக்காவில், சிலர் மதுரையில், நான் மெர்கோங்கில். என் மகள் ஒருநாள் கேட்டாள், "மா, யாருமா இதெல்லாம் கேக்கப் போறா?" "நான் கேக்கப் போறேன்லா" என்றேன். அதற்கு மேல் ஒரு காரணம் தேவை என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கேசட் ஓட்டும் இயந்திரத்தின் தலையைச் சாராயம் தொட்ட பஞ்சால் துடைப்பேன். அந்த நெடி மூக்கில் ஏறினால் எல்லாருக்கும் ஊசி போடும் கிளினிக் ஞாபகம் வரும். எனக்கோ பாடாங் மேஹா பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்து ஸ்டோர் ஞாபகம் வந்துவிடும். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட், ஷீட்டுகளுக்குப் போடும் புகை, ஈரச் சாக்கு, எல்லாம் கலந்த ஒரு நாற்றம். நாற்றம் என்று நான் சொல்லலாம், வேறு யாரும் சொன்னால் சண்டைக்கு வருவேன்.

அந்த ஸ்டோரில்தான் எங்களுக்குப் படம். மாதத்தில் ஒரு ஞாயிறு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குவார்கள். பால் ஊற்றும் தொட்டிகளை ஓரத்தில் தள்ளி, பலகைகளைப் போட்டு உட்காருவோம். கச்சாங் பூத்தே என்று மலாயில் சொல்கிற கடலை வகை விற்கிறவர் ரீல் மாற்றுகிற நேரத்தில் மட்டும் உள்ளே வரலாம். நடுவில் வந்தால் அவர் தலைப்பா திரையில் விழும்.

படத்தைச் சும்மா பார்ப்பதோடு விடாதவர் எங்கள் அப்பா. ரப்பர் பால் லாரி ஓட்டியவர். ஆசைப்பட்டு ஒரு ரேடியோ கேசட் பெட்டி வாங்கி வைத்திருந்தார். படம் ஓடும்போது ஒலிபெருக்கிக்கு எதிரே முக்காலி போட்டு அதன்மேல் பெட்டியை வைத்து முழுப் படத்தையும் பிடித்துவிடுவார். ரீல் மாறும் இடைவேளையில் கேசட்டைத் திருப்ப வேண்டும், அதற்காகவே முன்வரிசையில் உட்காருவார். பக்கத்தில் இருக்கிறவர் இருமக்கூடாது. "தொண்டைய வீட்டுல வச்சிட்டு வரக்கூடாதா?" என்பார். பிறகு ஒரு மாதத்துக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்க அந்தப் படம்தான். அம்மா மீன் கழுவும்போது கோர்ட்டு சீன் ஓடும். வசனம் எங்களுக்கு மனப்பாடம், ஆனால் வசனத்துக்குப் பின்னால் வந்த இசைதான் எனக்குள் தங்கியது. அது யார் போட்டது, எந்த வாத்தியம் என்று கேட்கத் தெரியாத வயது.

அப்பா ஒரு மழைநாளில் பால் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை, எழுத வராது.

சில மாதம் கழித்து மறுபடி ஒரு படம் வந்தது. துக்க வீட்டுக்காரர்கள் படத்துக்குப் போவது வழக்கமில்லை, அதுவும் தாலி இறக்கியவள் போகவே கூடாது. அம்மா சோறு வடித்து இறக்கி வைத்தாள், புடவையை மாற்றினாள், கேசட் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "முக்காலிய எடு" என்றாள். அவ்வளவுதான்.

ஸ்டோர் வாசலில் பக்கத்து வீட்டு மாரியாயி அத்தை மறித்தார். "ஏன்டி, வருசம் திரும்பலயே. அதுக்குள்ள என்னடி படம் வேண்டிக் கெடக்கு ஒனக்கு?"

"நான் படம் பாக்க வரல அத்த. சத்தம் புடிக்க வந்தேன். அவரு ஒரு படம் விட்டதில்ல."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"மெதுவாச் சொல்லச் சொல்லுங்க. டேப்புல விழுந்துரும்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வழி விட்டார். கோபத்திலா சிரிப்பிலா என்பது அந்த இருட்டில் தெரியவில்லை. அம்மா அப்பாவின் இடத்தில், முன்வரிசையில், போய் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தோட்டமே குசுகுசுத்தது, அவள் திரும்பவில்லை.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் பயனில்லை. இன்று அதன் ஒரு பிரதிகூட எங்கும் கிடையாது என்கிறார்கள். கதை எளிமையானது. ஒரு தகப்பன் ஊர் ஊராகக் கூலிக்குப் போகிறார். மூன்றாவது ரீலில் தோளில் பலாப்பழத்தோடு வீடு திரும்புகிறார், மகளுக்குக் கல்யாணம் நடக்கிறது. நான்காவது ரீலில் செத்துப்போகிறார். மனைவி அழுகிறாள், படம் முடிந்ததென்று திரையில் வணக்கம் போடுகிறார்கள். மதுரையில் படம் பார்த்த ஒருவர் இதை எல்லாம் வரிசையாக எழுதி எங்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்.

எங்களுக்கு அந்த வரிசையில் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டியை இரண்டு தோட்டங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் ஒருவர் அதை மோட்டார் சைக்கிளில் கட்டி, செம்மண் சாலையில் எங்களிடம் கொண்டுவருவார். அன்று மழை. மனிதர் அவசரத்தில் மூன்றாவது ரீலுக்குப் பதிலாக, அங்கே இன்னும் ஓட்டாத நான்காவதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆப்பரேட்டர் தலையில் அடித்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினார். சனங்கள் பொறுக்குமா? பலகையைத் தட்டினார்கள், காலை உதைத்தார்கள். வேறு வழியில்லாமல் ஆப்பரேட்டர் கையில் இருந்த ரீலைப் போட்டுவிட்டார்.

ஆகவே எங்கள் தோட்டத்தில் தகப்பன் முதலில் செத்தார். திரையில் மனைவி மார்பில் அடித்து அழுதாள், வயலின்கள் எல்லாம் ஒன்றாய்க் கூடி அழுதன, ஸ்டோரில் இருந்த பெண்களும் அழுதார்கள். அழுதபடியே எல்லாரும் கழுத்தை நீட்டி என் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. கேசட் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு அந்தப் பெண்கள்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

வணக்கம் போட்டாயிற்று. சனம் எழுந்தது. "உக்காருங்க, உக்காருங்க! இன்னும் ஒரு ரீலு இருக்கு!" என்று ஆப்பரேட்டர் கத்தினார். மோட்டார் சைக்கிள்காரர் சேறும் சகதியுமாய் வந்து நின்றார். அம்மா கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

விளக்கை அணைத்தார்கள். ஒரு புல்லாங்குழல் தனியாகக் கிளம்பியது. ஒற்றையடிப் பாதையில், தோளில் பலாப்பழத்தோடு, செத்தவர் நடந்து வந்தார்.

அப்போது என் அம்மா சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட, வந்துட்டாருடி! பழம் வாங்கப் போயிருக்காரு!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தாள். பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "தண்டல் பேரு கூப்பிட்டா செத்தவனும் பெரட்டுக்கு வந்துதான்டா ஆகணும்!" என்றது. காலைப் பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஸ்டோரே இடிந்து விழுகிறமாதிரி சிரித்தது, விசில் பறந்தது. சற்றுமுன் அழுதவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். யாரையும் இரும விடாத என் அப்பாவின் பெட்டி அத்தனையையும் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு அந்தக் கேசட்டைக் கேட்க லயத்துப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த இடம் வரும்போது எல்லாரும் அம்மாவோடு சேர்ந்து சிரிப்பார்கள். மாரியாயி அத்தைதான் முதலில் ஆரம்பிப்பார்.

இந்தக் கேசட்டில் உள்ள கடைசி இரண்டு ரீலின் இசை வேறு எவரிடமும் இல்லை என்பது தெரிந்ததும் ஸ்டீபன் பறந்து வந்தான். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டான். நல்ல காது அவனுக்கு, அதை மறுக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்:

"அக்கா, ரீல் நாலு முன்னாடி வந்துருச்சு. மாத்திப் போட்டுடலாம், சின்ன வேலதான்."

"மாத்தக் கூடாது தம்பி."

"செத்த ஆளு எப்படிக்கா திரும்பி வருவாரு?"

"எங்க தோட்டத்துல வந்தாரு."

அவன் தேநீரைக் குடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தான். வயசானவளிடம் வம்பு வேண்டாம் என்று நினைத்திருப்பான். மழைச் சத்தம், பலகைச் சத்தம், விசில் எல்லாவற்றையும் தன் கணினியில் அலசி எடுத்தான். அம்மாவின் சிரிப்பிடம் மட்டும் அவன் ஜம்பம் பலிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான்.

"ரொம்ப சூசாலா அக்கா, கஷ்டமா இருக்கு. அம்மா சிரிப்ப எடுத்தா ஃபுளூட்டும் சேந்து வந்துருது. ரெண்டும் ஒரே எடத்துல ஒக்காந்திருக்கு."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? "அப்ப ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். குழுவில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றான். ஒத்துக்கொள்ளவில்லை. வெளியாகிற இசை தூய்மையாக இருக்க வேண்டுமாம், பார்வையாளர் சத்தம் கலப்படமாம். இசையமைத்தவர் என்ன நினைத்தாரோ அதுதான் வேண்டுமாம். அந்த மனிதர் எங்கள் ஸ்டோரில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்று எழுதினேன்.

நேற்று வெளியானது அந்தத் தூய்மையான பதிப்புதான். ரீல் மூன்று, பிறகு ரீல் நான்கு. அம்மாவை எடுத்த பள்ளத்தில் ஸ்டீபன் தன் கீபோர்டில் புல்லாங்குழல் வாசித்து நிரப்பியிருக்கிறான். சுரம் பிசகவில்லை. எல்லாரும் பாராட்டியிருக்கிறார்கள். நான் கூப்பிட்டு, "செத்தவனுக்கு மீச வரையிறியாடா தம்பி?" என்று கேட்டேன்.

"சுருதி சரியாத்தானேக்கா இருக்கு?"

"சுருதிய யாரு கேட்டா? எங்கம்மா எங்க?"

பிறகு மெதுவாக, "உங்க பதிப்ப நீங்க போடுங்கக்கா. நான் தடுக்க மாட்டேன்" என்றான். தடுக்க அவன் யார் என்று கேட்க நாக்கு துடித்தது. நல்ல பிள்ளை என்பதால் விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானமே இணையத்தில் போட்டுவிட்டேன். மழையோடு, விசிலோடு, ஆப்பரேட்டர் கத்தலோடு, அம்மாவோடு. சாயங்காலத்துக்குள் முகம் தெரியாத ஒருவர் வந்து, ரீல் வரிசை தவறு, திருத்தவும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அவருக்கும் அவரைப் போல் இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

சரியான வரிசை எனக்குத் தெரியும் ஐயா. முதலில் அப்பா போனார். பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், பால் எடுக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை போனது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தை இடித்தார்கள், மாரியாயி அத்தை தன் மகன் ஒருவனோடு லாரியில் ஏறிப் போனார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டோரின் தகரத்தைப் பழைய இரும்புக்காரர்கள் பிரித்துக்கொண்டு போனார்கள். போன வருஷம் பார்க்கப் போனேன், எந்த இடம் என்றுகூட அடையாளம் தெரியவில்லை. அம்மா இந்த மெர்கோங் வீட்டின் பின்னறையில் போனாள். அந்த வரிசையில் ஒரு தவறும் இல்லை. போன எவரும் தோளில் பழத்தோடு திரும்பி வரவில்லை. அதைத்தான் நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, படத்திலும் எதற்கு?

என் பதிப்பில் வணக்கம் போட்ட பிறகும் இன்னும் ஒரு ரீல் இருக்கிறது. திருத்த மாட்டேன்.