அக்கா வெட்டச் சொன்ன வரி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இம்மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முதற்பக்கத்தில் இரங்கற்பா எங்கே என்று தேடுவீர்கள். இல்லை. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்று சொல்லும் இத்தகைய மலர்களுக்கு இங்கே ஜெர்மனியில் வுப்பர்டால் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பல ஆண்டுகளாகப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் அக்காதான். அவருக்கு எழுத இனி ஆளில்லை. ஆகவே தம்பியாகிய நான் எனக்குத் தெரிந்த உரைநடையில் எழுதுகிறேன். நான் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவன். கவிதை எனக்குப் பிடிக்காது. இது அக்காவுக்கும் தெரியும்.

அக்கா வடமராட்சியில் பிறந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அப்பா இளவயதிலேயே காலமானதால் அம்மா தோட்டம் செய்து எங்களைப் படிப்பித்தார். அக்கா திருமணமாகி, எண்பதுகளின் இறுதியில் அத்தானுடன் ஜெர்மனிக்கு வந்தார். தொடக்கத்தில் முகாம் வாழ்க்கை. பிறகு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. நோய் வரும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை. உருளைக்கிழங்கு தோலுரித்தே தன் கைரேகை அழிந்துபோயிற்று என்று சொல்லிச் சிரிப்பார்.

அம்மா ஊரில் காலமானபோது அக்காவின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஊரில் போர் வேறு. அக்கா போகவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். சில ஆண்டுகள் கழித்து நானும் இங்கு வந்து சேர்ந்தேன். அந்தக் கடைசி நாளைப் பற்றி அக்கா என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்லும் பழக்கமும் எனக்கில்லை.

கல்வெட்டுப் பாட்டு எழுதும் வேலை அவருக்கு எப்படி வந்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு ஆள்மாறி ஆள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். செத்த வீடு என்றால் முதலில் அக்காவுக்குத்தான் தொலைபேசி வரும். அவர் கறியைத் துழாவிக்கொண்டே, "எத்தினை பிள்ளையள்? மருமக்கள்ட பேரைச் சொல்லுங்கோ" என்று கேட்பார். கறி இறங்குவதற்குள் பாட்டு தயாராகிவிடும். ஒருமுறை மூன்றாவது மருமகனின் பெயர் விடுபட்டுப்போக, அந்த மனிதர் கோயிலில் எங்களைக் கண்டால் மறுபக்கம் திரும்பி நின்றார். அவருடைய கோபம் நியாயமானதுதான் என்று அக்கா சொல்வார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பிள்ளைகள் வளர்ந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது, தனக்கென்று ஒரு கவிதைத் தொகுப்பு போட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. கொலோனில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் மாதம் ஒருமுறை கவிதைப் பட்டறை நடக்கிறது என்று கேள்விப்பட்டார். அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எனவே வாகனம் ஓட்டுவது என் பொறுப்பாயிற்று. கடைசி வரிசையில் கோப்பிக் கோப்பையுடன் உட்கார்ந்திருப்பேன்.

பட்டறையை நடத்தியவர் ஹேமா. சென்னைக்காரர், பான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அக்காவைவிட வயதில் இளையவர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவர் தன் கவிதையைத் தானே படிக்கக் கூடாது, வேறொருவர் படிப்பார். படித்து முடிந்ததும் ஒவ்வொருவரும் மனதில் நின்ற ஒரு வரியைச் சொல்ல வேண்டும். குறை சொல்லக் கூடாது, கேள்வி கேட்கலாம். எல்லாரும் பேசி முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் கூடுமிடத்தில் இப்படியொரு ஒழுங்கை நான் அதற்குமுன் கண்டதில்லை.

முதல்நாள் அக்கா கொடுத்தது அம்மாவைப் பற்றிய பாட்டு. நீளமானது. "மகளே மகளே என்றழைத்து மலர்விழி மூடிப் போனாயே" என்று முடியும். ஒருவர் ராகமாகவே படித்தார். பிறகு, மனதில் நின்ற வரி எது என்று ஹேமா கேட்டார். கதிரையை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. கடைசியில் ஒரு அண்ணை, "ஓசை நல்லா வந்திருக்குது" என்றார்.

ஹேமா மெதுவாகக் கேட்டார்: "அக்கா, இது யாரோட அம்மாவுக்கு வேணும்னாலும் பொருந்தும் இல்ல? உங்க அம்மா எப்படி இருப்பாங்க?"

அக்கா தாளை வாங்கி மடித்தார். ஊருக்கெல்லாம் எழுதி எழுதி, சொந்தத் தாய்க்கும் அதே பாட்டைப் பெயர் மாற்றி எழுதிவிட்டார். அது அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. இனிமேல் வரமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிஞ்சும்.

திரும்பி வரும் வழியில் அக்கா கேட்டார்: "அம்மா கடைசியா என்ன கதைச்சவ?"

"மழை வருகுது, மிளகாயை அள்ளு எண்டவ."

"எந்த மிளகாய்? கடையில வாங்கினதோ, வளவில காய்ச்சதோ?"

"வளவில காய்ச்சது."

"மழை பெஞ்சதோ?"

"இல்லை."

வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம், "வெளிக்கிடு, நேரமாகுது" என்று வாசலில் நின்றார். அன்று அவர் கொண்டுவந்த கவிதை நான்கே வரி:

மழை வருகுது, மிளகாயை அள்ளு என்றாள்
தம்பி அள்ளி வந்தான்
மழை வரவில்லை
பிறகு என்னைக் கேட்டாள்

மனதில் நின்ற வரி எது என்று கேட்டதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். அந்த அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மட்டும் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எங்கே என்று அம்மா கேட்கவில்லை. யாரையுமே கேட்கவில்லை. நான் மிளகாயுடன் உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வரியை அக்கா தானாகச் சேர்த்திருந்தார்.

அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் அக்கா விடாமல் போனார். சமையலறை, முகாம், அத்தானின் குறட்டை, வெளிநாட்டவர் அலுவலகத்தில் நின்ற வரிசை என்று கவிதைகள் சேர்ந்தன. அங்கே யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை. கேள்விதான் கேட்டார்கள், அக்கா வீட்டுக்கு வந்து திருத்தினார். கல்வெட்டுப் பாட்டு எழுதுவதையும் மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார். பலருக்கு அது மனவருத்தம். அக்காவின் மூத்த மகள் எல்லாவற்றையும் கணினியில் தட்டச்சு செய்து முடித்தாள். சென்னையில் அச்சகமும் ஒழுங்காகியிருந்தது. ஆனால் அக்கா பிரதியைக் கொடுக்கவில்லை.

"இன்னும் ஏன்க்கா கையிலேயே வெச்சிருக்கீங்க?" என்று ஹேமா கேட்பார்.

"ஒரு வரி சரியில்லை" என்பார் அக்கா. எந்த வரி என்று சொல்லமாட்டார். எனக்குத் தெரியும்.

பிறகு நோய் வந்தது. ஈரலில் புற்றுநோய், காலம் கடந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அக்கா அழவில்லை. பட்டறை எப்போது என்று கேட்டார். கொலோனுக்குப் போக முடியாத நிலையில், பட்டறை அவரிடம் வந்தது. வுப்பர்டால் மருத்துவமனை அறைக்கு வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தாதி ஒருத்தி கூடுதலாக இரண்டு கதிரை கொண்டுவந்து வைத்தாள்.

அதற்கு முன், வெளியே நடைபாதையில், அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கடைசி வரி விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. "உங்களிட்டைத்தான் கேக்கப் போறா, தம்பி. ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ. இனி ஆருக்கு என்ன நட்டம்?" என்றார். அவர் கேட்டதில் பிழையொன்றும் இல்லை.

ஹேமா அந்த நான்கு வரியையும் படித்தார். வழக்கப்படி எல்லாரும் பேசி முடியும்வரை அக்கா பொறுத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?"

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை அக்கா. கேக்கேல்லை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. பிறகு, "நினைச்சனான்" என்றார். "ஹேமா, அந்த வரியை வெட்டுங்கோ. இனிக் குடுக்கலாம்."

ஹேமாவுக்குக் கை வரவில்லை. பேனையை என்னிடம் நீட்டினார். நான் வெட்டினேன்.

அச்சுப்படியை அக்கா பார்த்தார். இரண்டு எழுத்துப் பிழையும் கண்டுபிடித்தார். புத்தகம் வந்தபோது அவர் இல்லை. இம்மலருடன் உங்கள் கைக்கு வருவது அந்தப் புத்தகம்தான்.

நோயுற்ற காலத்தில் வீட்டு வேலையை விட்டுவிட்டு மாறி மாறிப் பக்கத்தில் இருந்த உறவினருக்கும், மருத்துவர் சொன்னதையெல்லாம் மனம் கலங்காமல் எங்களுக்கு மொழிபெயர்த்த அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும், முதியோர் இல்லச் சமையலறைத் தோழியருக்கும், இறுதிக்கிரியைகளை முன்னின்று நடத்திய கொலோன் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹேமாவுக்கும் பட்டறை நண்பர்களுக்கும் தனியாக நன்றி சொல்கிறேன்; அவர்கள் அக்காவைப் பாராட்டியதைவிட, அவர் சொல்வதைக் கேட்டது பெரிது.

சாகப் போகிறவருக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன என்று சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். அத்தானும் நெடுநாள் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் அந்தக் கன்னம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் ஒன்று: ஆறுதலாக நான்கு வார்த்தை வேண்டுமென்றிருந்தால் அக்கா தானே எழுதியிருப்பார், கறி இறங்குவதற்குள். அவருக்கு எழுதத் தெரியாததைத்தான் என்னிடம் கேட்டார்.