குதிக்காமல் நின்ற ஒரு ரவுண்டு

மழை பிடித்துவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் மூழ்கிவிடும். மேற்பார்வை பார்க்கிற எனக்கும் தை பிறக்கும்வரை வீடுதான். மனைவி மட்டும் ஆரோவில்லில் ஒரு விடுதிக்குத் துணி துவைக்கப் போய்வருவாள். அங்கே தங்கியிருந்தவர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டார். போன ஐப்பசியில் அதை டிவியில் மாட்டினோம்.

இருவர் மோதும் சண்டை விளையாட்டு. மூன்று ரவுண்டில் இரண்டை வென்றால் ஆட்டம். தினமும் ஏழு மணிக்கு, அவள் பஸ் இறங்கி வந்து கால் கழுவியதும், ஒரே ஒரு ஆட்டம். டைரியில் கோடு போட்டு எழுதினேன்: தேதி, யாருக்கு எந்த ஆள், யார் வெற்றி, காரணம். அவள் வென்ற நாட்களில் காரணம் என்ற கட்டத்தில் 'அதிர்ஷ்டம்' என்று எழுதினேன். முதல் இருபத்தாறு நாளில் அந்தச் சொல்லை இருபத்தாறு முறை எழுதியிருக்கிறேன்.

பாத்தி வேலை தொடங்குவதற்குள் ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட வேண்டும் என்று இருந்தேன். தொடங்கிவிட்டால் காலை நாலு மணிக்கு எழ வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்தால் எழவே முடியாது.

அவள் எடுக்கும் ஆள்தான் பலசாலி என்றேன். மாற்றிக்கொண்டோம், தோற்றேன். என் கன்ட்ரோலரில் பட்டன் சரியில்லை என்றேன்.

"இந்தாங்க, என்னுத எடுத்துக்கோங்க. பாயையும் மாத்திப் போடட்டுமா?"

அதிலும் தோற்றேன்.

அந்த விளையாட்டில் தாயம் உருட்டுவது போல எதுவும் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒரு குத்துக்கு எப்போதும் ஒரே அளவு உயிர்தான் குறையும். அடித்தால் தடுக்கலாம். தடுத்துக்கொண்டே நிற்பவரைப் பிடித்துத் தூக்கி எறியலாம். பிடிக்க வருபவரை முந்திக்கொண்டு அடிக்கலாம். இவை இருவருக்கும் பொது. எதிரில் இருப்பவர் அடுத்து எதைச் செய்வார் என்று கணிப்பதுதான் மிச்சம்.

மார்கழிக் கடைசியில் கேட்டேவிட்டேன்.

"எப்டிம்மா ஒவ்வொரு வாட்டியும்?"

"ரெண்டு அடி வாங்கினா உடனே குதிப்பீங்க. நீங்க எறங்குற எடத்துல நான் நிக்கிறேன். அவ்ளோதான்."

"எல்லா வாட்டியுமா?"

"டைரில பாருங்க. எழுதியிருப்பீங்களே."

எழுதவில்லை. யார் வென்றார் என்று எழுதினேனே தவிர, நான் என்ன செய்தேன் என்று ஒரு நாளும் எழுதவில்லை. உப்பளத்தில் தண்ணீரை, உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்த்து, பாத்தி பாத்தியாக ஒரே வரிசையில்தான் விட வேண்டும். இருபது வருடம் அந்த வரிசையை மாற்றாதவன், இங்கேயும் மாற்றவில்லை.

கடைசிச் சாயங்காலம். மறுநாள் பாத்தித் தரையை மிதித்து இறுக்க ஆட்கள் வருகிறார்கள். பகலெல்லாம் வரப்பில் நடந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு வந்திருந்தேன். அவளுக்கும் நின்று நின்று கால் வீங்கியிருந்தது.

முதல் ரவுண்டில் இரண்டு அடி வாங்கினேன். கட்டைவிரல் குதிக்கும் பட்டனுக்குப் போனது. குதிக்கவில்லை. அவள் ஆள் வெறும் இடத்தில் குத்தியது, பிடித்து எறிந்தேன். ஜெயித்தேன்.

"அட, குதிக்கலையா! யாரு சொல்லிக்குடுத்தது?"

"நீதான்."

"என் வாய் இருக்கே..."

இரண்டாம் ரவுண்டில் அவள் காத்திருக்கவில்லை. நான் நிற்பேன் என்று தெரிந்து நேராக வந்து தூக்கி எறிந்துகொண்டே இருந்தாள். மூன்றாவதில் இருவருக்கும் ஒரு அடி தாங்கும் உயிர்தான் மிச்சம். நிற்பேன் என்றுதானே நினைப்பாள் என்று குதித்தேன். இறங்கும் இடத்தில் அவள் நின்றிருந்தாள்.

"பயந்தா குதிச்சிடுவீங்க, தெரியும்," என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னொரு ஆட்டம்?"

"நாலு மணிக்கு எழுந்திருக்கணும்."

அவள் ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். நான் டைரியைத் திறந்து தேதி போட்டேன். வெற்றி: அவள். காரணம் என்ற கட்டத்தில் 'குதித்தேன்' என்று எழுதிவிட்டு அலாரம் வைத்தேன்.