துப்பாக்கிக்கு ஒரு கொக்கி

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் காப்பெலில் அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர், கார் சாவிகள், மிக்ஸி, என் கணவரின் டூல் பாக்ஸ் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் மாமியார் அவற்றை ஒரு பார்வை பார்த்தார். "ஏங்கண்ணு, வூட்ல இருக்கற நெசமான ஆயுதம் அது ஒண்ணுதான். அதை உள்ள பூட்டி வெச்சுட்டு மிக்ஸிக்குப் பொட்டு வெச்சா சாமி சிரிக்காதா?" என்றார். நியாயமான கேள்விதான். பெட்டியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, என் பிஸ்டலை மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அத்தை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. நான் அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், குழைத்த சந்தனத்தை எடுத்து அதன் மேல் தாராளமாகப் பூசிவிட்டார். மறுநாள் பூஜையை எடுக்கும் வரை ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பதும் அவர் சட்டம். அதற்குள் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் சுரண்டி எடுத்தேன்.

அந்த பிஸ்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைஃபிள் சுட்ட ருசி எனக்கு விட்டுப்போகவில்லை. கிரீன் கார்டு வந்த பிறகு, இலக்கு பார்த்துச் சுடும் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். அங்கே யாரோ விற்ற பழைய பிஸ்டலை வாங்கினேன். நான் பிறப்பதற்கு முன்பே செய்தது. பழைய சாமான் மீது எனக்குப் பித்து ஒன்றும் கிடையாது. என் கை சிறியது. புதியவற்றின் பிடிகள் எல்லாம் பருமன். இது மட்டும்தான் கைக்குள் அடங்கியது. சனிக்கிழமை காலை கிளப்பின் சுடுதளமான அந்த ரேஞ்சில் யாரும் என்னை அம்மா என்றோ, மேடம் என்றோ கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது.

பூஜைக்கு அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனால், சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே வராமல் குழலிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. போட்டிகளுக்குப் போகும் எங்கள் கிளப் அணியின் தலைவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், பேச்சில் சிக்கனம். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை அணிக்கு ஆள் எடுக்கப்போவதாகவும், இப்படி மாட்டுகிற துப்பாக்கியோடு வந்தால் எனக்கு இடமில்லை என்றும் சொன்னார். என் மூக்கு சிவந்தது. பார்த்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

காலிக்கூட்டைக் கவ்வி வெளியே இழுக்க உள்ளே ஒரு சின்னக் கொக்கி உண்டு. அரிசி மணியை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் இடுக்கு முழுக்கச் சந்தனம். சேஃப்டி பின்னை விட்டு நெம்பினேன். ஏற்கெனவே தேய்ந்திருந்த கொக்கியின் நுனி உடைந்தது. பின்னால் இருந்த ஸ்பிரிங் துள்ளிப் போய் கார்ப்பெட்டுக்குள் விழுந்தது. அமெரிக்க வீட்டுக் கார்ப்பெட்டில் விழுந்தது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அத்தையும் நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் கிடைக்கவில்லை.

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? புதுசா ஒண்ணு ஆர்டர் பண்ணிடு" என்றார் கணவர்.

"உங்களுக்கு ஷூ கடிச்சா கால மாத்திப்பீங்களா?" என்றேன்.

செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்தியிருந்தது. ஆபீஸ் மதிய இடைவேளைகளில் உதிரிபாகக் கடைகளுக்குப் போன் போட்டேன். "உங்க கணவருக்கா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். "எனக்கு" என்று சொல்லிச் சொல்லி என் குரலே தடித்துப்போனது. தபாலில் வந்த முதல் கொக்கி பிந்தைய மாடலுக்கானது. இடுக்கில் நுழையவே இல்லை. திருப்பி அனுப்பினேன். பிறகு உடைந்த கொக்கியைக் குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டு ஃபோர்ட் வொர்த்தில் நடந்த கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்குப் போனேன். மேஜை மேஜையாக நின்று, டப்பா டப்பாவாகக் கிளறி, கிடைத்ததை எல்லாம் சிமிழில் இருந்ததோடு ஒட்டிப் பார்த்தேன். பலர் சிரித்தார்கள். சாயங்காலம் கடையைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவரின் டப்பாவில் அது இருந்தது, ஸ்பிரிங்கோடு. சந்தோஷத்தில் அங்கேயே கத்தியிருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பொருத்துவது அதை விடப் பாடு. கொக்கி ஒரு முடி அளவு கூடுதல் நீளம். சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு, போட்டுப் பார், கழற்று, மறுபடி இரண்டு இழுப்பு. ஸ்பிரிங் மறுபடி பறக்காமலிருக்க, பெரிய ஜிப்லாக் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத்தான் வேலை. அத்தை டார்ச் பிடித்தார்.

"என்னாலதான இத்தனையும்" என்று மூக்கை உறிஞ்சினார்.

"அத்தை, அழுதா டார்ச் ஆடுது. அப்புறமா அழுங்க."

கடைசியில் கொக்கி க்ளிக் என்று உட்கார்ந்தது. போலித் தோட்டாக்களை ஏற்றி இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் துள்ளி வெளியே விழுந்தது. அத்தையைக் கட்டிக்கொண்டேன்.

ஆள் எடுக்கும் நாளில் ஒரு கூடுகூட மாட்டவில்லை. கடைசிச் சுற்று வரை எனக்கு அணியில் இடம் நிச்சயம் போலத்தான் இருந்தது. கடைசிக் குண்டில் அவசரப்பட்டு விசையை இழுத்துவிட்டேன். வட்டத்தை விட்டு விலகி வெள்ளைத் தாளில் ஓட்டை விழுந்தது. தலைவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மறுபடி மக்கர் பண்ணியதா?" என்று கேட்டார். துப்பாக்கி பழுது என்றால் அந்தச் சுற்றை மறுபடி சுட விடுவது எங்கள் கிளப்பின் வழக்கம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், இடம் என்னுடையது. கையில் இருந்ததைப் பார்த்தேன். இத்தனை பாடுபட்டுச் சரி செய்ததன் மேல் பழி போட நாக்கு வரவில்லை.

"இல்லை. துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது. அவசரப்பட்டது நான்" என்றேன்.

இடம் வேறொருவருக்குப் போயிற்று. காரில் ஏறியதும் ஆத்திரம் தீர அழுதேன். அடுத்த சனிக்கிழமை ரேஞ்சைத் திறக்க வந்த தலைவர், வாசலில் முதல் முறையாக எனக்கு குட் மார்னிங் சொன்னார்.