குள்ளர் ராஜ்ஜியம் அழிந்த விதம்

குள்ளர் ராஜ்ஜியத்தை உண்டாக்கியவன் நான்தான். எங்கள் குப்பத்தில் ஒருவரும் இதை நம்ப மாட்டார்கள்.

யார் சொல்லிக் கேட்டாய் என்பார்கள். யாரும் சொல்லவில்லை, நானே யோசித்துக் கட்டினேன் என்றால் சிரிப்பார்கள். கோட்டையில் காவல் நிற்கும் உலாந்தா வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் குடித்துவிட்டு உளறியதைத்தான் நான் தமிழில் சொல்கிறேன் என்று ஒரு கட்சி. ஆரம்பாக்கம் பக்கம் வந்துபோகும் தெலுங்குப் பாட்டுக்காரர்களிடம் கேட்டது என்று இன்னொரு கட்சி. எங்கள் ஆட்களுக்கு மீனும் கதையும் ஒன்றுதான். ஏற்கெனவே எங்கேயோ இருக்கும், போய்ப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஒருவன் சும்மா உட்கார்ந்து கதையை உண்டாக்க முடியும் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே ஏறாது. எத்தனை முறை சொல்லி வாய் வலித்திருக்கிறது!

வாடைக்காற்று மாதங்களில் படகு இறங்காது. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துவோம். அப்போதும் பேச்செல்லாம் இறால், மடவை, நண்டு. கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மீன் வாசனையே இல்லாத ஓர் இடத்தை நினைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அப்படித்தான் மலை வந்தது. நான் மலையைப் பக்கத்தில் பார்த்தவனில்லை. மழை விட்டு வானம் தெளிந்தால் மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் குடைந்து வாழ்கிறவர்கள் உயரமாக இருந்தால் தலை இடிக்கும் என்று குள்ளர்களாக வைத்தேன்.

முதல் ராஜா சமவெளியிலிருந்து துரத்தப்பட்டவன். நெட்டை மனிதர்கள் அவன் ஜனத்தை விரட்டியபோது பாறையில் காதை வைத்துக் கேட்டு, உள்ளே பொள்ளல் என்று கண்டுகொண்டான். உடைத்து உள்ளே போவதற்குள் அவன் தாடி முழங்காலுக்கு இறங்கிவிட்டது. இரண்டாம் ராஜா வெள்ளி ஓடும் பாறையைக் கண்டுபிடித்து உலை மூட்டினான். வெள்ளித் தகடுகளைத் துலக்கி வரிசையாக நிறுத்தி, மலைவெடிப்பில் விழும் வெயிலைத் தகட்டுக்குத் தகடு தாவச் செய்து அடிவயிறு வரை கொண்டுபோனான். மூன்றாம் ராஜா பெருங்கதவைச் செய்தான். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பாறை. உள்ளே ஒரே ஒரு தாழ்ப்பாள். நான்காம் ராஜா சட்டங்கள் போட்டான். ஐந்தாம் ராஜா காலத்தில் எல்லாம் அழிந்தது.

இதை ஒரு முறையாவது முழுதாகச் சொல்ல விட்டார்களா? இரண்டாம் ராஜாவிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

"மலைக்குள்ள இன்னா துன்னுவாங்க?"

"காளான். ஆட்டுக்கறி."

"மீனு?"

"மீன் கிடையாது."

"மீனில்லாத ஊருக்கு ஒரு ராஜாவா? சும்மா இருபா!"

தலையில் அடித்துக்கொண்டு மலைக்குள் ஒரு குளத்தை வைத்தேன். உடனே அதில் என்ன வலை போடுவார்கள் என்று கேட்டார்கள். அதற்கும் பதில் சொன்னேன். அப்புறம் வந்தது பெரிய கேள்வி: வெள்ளி ஓடும் பாறை ஒன்றுதான், குள்ளர்கள் அத்தனை பேர், அங்கே பாடு உண்டா?

பாடு என்றால் எங்களுக்கு உயிர். எங்கள் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடும் தண்ணீர் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கே போய் வலை கட்ட முடியாது. அதனால் சீட்டுப் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் முறை பிரித்திருக்கிறோம். முறை வந்த வீடு அன்றைக்குக் கழி நட்டு வலை கட்டலாம், மற்றவன் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு இல்லாத ராஜ்ஜியத்தை இவர்களால் நினைக்கவே முடியவில்லை. சரி, தொலையட்டும் என்று நான்காம் ராஜாவின் கையில் பாட்டைக் கொடுத்தேன். கொடுத்ததோடு என் பங்குக்கு ஒரு முள்ளையும் அதில் வைத்தேன். சுரங்கம் சரிந்து ஒருவன் செத்தால் அவனுடைய பாடு அவன் அண்ணன் தம்பிக்குப் போகும், வீட்டுக்காரிக்குக் கிடையாது என்பது ராஜாவின் சட்டம்.

அந்தச் சட்டத்தால்தான் ராஜ்ஜியம் அழியும். ஐந்தாம் ராஜா காலத்தில் பெருங்கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுகிறவன் பாறை சரிந்து சாகிறான். அவன் பாட்டை அண்ணன் எடுத்துக்கொள்கிறான். மனைவி சபையில் நின்று கேட்கிறாள், சட்டத்தைப் படித்துக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். தாழ்ப்பாள் எப்படித் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பகைவனைக் கூப்பிடவில்லை, யாரையும் சபிக்கவும் இல்லை. கதவைத் திறந்து பிள்ளைகளோடு வெளியே போனாள், போகும்போது மூடவில்லை. அவ்வளவுதான். நெட்டை மனிதர்கள் வந்தார்கள், உலைகள் அணைந்தன. இந்த முடிவுக்காகத்தான் முழுக் கதையையும் கட்டினேன்.

கங்கையம்மன் திருவிழாவில் முதல் தடவை சொன்னபோது, ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் பெரியதனக்காரர் நடுவில் எழுந்துவிட்டார்.

"அம்மன் எதிர்ல ராஜ்ஜியம் அழியுதுன்னா சொல்லப்போற? ஏரி வத்திப்போவட்டும்னு சொல்றதும் அதுவும் ஒண்ணுதான். அஞ்சாவது ராஜாவுக்கு முடி சூட்டி மங்களம் பாடு."

அன்றிலிருந்து வருஷா வருஷம் முடிசூட்டோடு மங்களம். ஜனங்களுக்கு ஏகச் சந்தோஷம். எனக்கு வயிறு எரியும். தலையும் உடம்பும் இருக்கிற மீனை வாலை வெட்டி விற்பதுபோல இருக்கும். முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள் என் தங்கை. வீட்டில் கருவாடு புரட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அவ கதவ மூடாம போனது சரிதாண்ணா" என்றாள். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

ஒரு புரட்டாசியில் தங்கையின் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். இரண்டும் பெண் குழந்தைகள். அந்த வீட்டின் பாடு அடுத்து வரவேண்டிய நேரம். அவளுக்காக நான் கழி நட்டு வலை கட்டுவது, பிடித்ததை அவள் விற்பது என்று பேசி வைத்திருந்தோம். அது ஒன்றுதான் அந்த மூன்று வயிற்றுக்கும் சோறு.

அவளுடைய மூத்தார், அதாவது செத்தவனின் அண்ணன், பாடு எனக்குத்தான் என்று வந்து நின்றான். நான் கூலிக்குப் போவது அவன் படகில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. தம்பி பிணத்தைத் தேடி தண்ணீரில் கிடந்தவன் அவன். ஆனால் பாடு என்றதும் முகமே வேறாகிவிட்டது.

கோட்டைக்குப் போனால் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி இரண்டு பக்கமும் கறந்துவிடுவான் என்பதால் ஊர் வழக்கை ஊரிலேயே முடிப்போம். ஊர் கூடியது. ஆண் பிள்ளை இல்லாத வீட்டின் பாடு யாருக்கு என்று அதற்கு முன் கேள்வி வந்ததே இல்லை. முன்னே எங்காவது இப்படி நடந்ததுண்டா என்று பெரியதனக்காரர் கேட்டார்.

"ஏன் இல்ல? குள்ளர் ராஜ்ஜியத்துல நடந்துகீதே" என்றான் மூத்தார். "செத்தவன் பாடு அண்ணன் தம்பிக்குன்னு நாலாவது ராஜா சட்டமே போட்டான். வருஷா வருஷம் கேக்கறோமே."

எல்லோர் தலையும் ஆடியது. எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்தேன். பெரியதனக்காரர் தலையும் ஆடியதைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

"அப்படி ஒரு ராஜ்ஜியமே கெடயாது! நான் கட்டுன கதை அது!"

"கட்டுனியோ கேட்டியோ, அத்தினி ராஜாவும் சட்டமும் ஒருத்தன் தலையில இருந்து வருமா?" என்றார் பெரியதனக்காரர். "தங்கச்சிக்காக இப்ப மாத்திப் பேசாத."

"அந்தச் சட்டத்தாலதான் ராஜ்ஜியமே அழிஞ்சுது!"

"எங்க அழிஞ்சுது? அஞ்சாவது ராஜா முடி சூட்டிக்கினாரே. மங்களமே பாடிட்டோம்."

முடியைச் சூட்டவைத்ததே நீங்கள்தானே என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது. தங்கை பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"எங்கண்ணன் சொல்றது நெஜம். முடிவ நான் கேட்டுகீறேன். இப்ப சொல்லச் சொல்லுங்க."

"கேடுகாலக் கதைய ஊர் நடுவுல சொல்லக் கூடாது, மா" என்று அவர் தன்மையாகவே சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பாடு மூத்தாருக்குப் போனது. வந்தவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.

ராஜா இல்லை, மலையை நான் பார்த்ததில்லை என்று வாய் வலிக்கச் சொன்ன உண்மையை நம்பாதவர்கள், ஒரு பொய்யின் நடுத்துண்டை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது இவர்களை? இன்றைக்கும் எனக்கு விடை தெரியவில்லை. தங்கை காட்டூருக்கு நாற்று நடப் போனாள். ஏரிக்காரியின் கைக்குச் சேறு பழக்கமில்லை, விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. பெண்கள் இரண்டையும் ஒரு நெல் வீட்டில் மாடு பார்க்க விட்டாள்.

அடுத்த திருவிழாவுக்குக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். போனேன். யாரையும் கேட்கவில்லை. நான்காம் ராஜாவின் சட்டத்தைச் சொல்லி, நிற்காமல் ஐந்தாம் ராஜா, பாறைச் சரிவு, சபை, தாழ்ப்பாள் என்று ஓட்டிக்கொண்டே போனேன். யாராவது எழுந்து தடுத்தால் அம்மன்மேல் ஆணை, கையைக் கடித்துவிடுவது என்ற கோபத்தில் இருந்தேன். யாரும் எழவில்லை. பெரியதனக்காரர் கைத்தடியை ஊன்றி எழப் பார்த்தார், பக்கத்திலிருந்தவர்கள் இழுத்து உட்காரவைத்தார்கள். அவள் பிள்ளைகளோடு வெளியே நடந்து கதவை மூடாமல் போன இடத்தில் பெண்கள் விசும்பினார்கள். ஆண்களும்தான். மூத்தார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தோள் குலுங்கியது. என்னால் நம்பவே முடியவில்லை. கடைசியில் உறைத்துவிட்டது என்றே எண்ணினேன். காட்டூருக்கு அன்றைக்கே ஆள் அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

விடிந்ததும் கரைக்குப் போனேன். மூத்தார் எனக்கு முன்பே வந்து படகுக்கு அடியில் உருளை போட்டுக்கொண்டிருந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"பாவம் மச்சான், அந்தக் குள்ளச்சி" என்றான். "ராத்திரி தூக்கமே இல்ல. அவ பாட்ட அவளுக்குக் குடுத்திருந்தா இன்னா கெட்டுப் போயிருக்கும்? கல்நெஞ்சுக்காரப் பசங்க."

"உன் தம்பி பொண்டாட்டிக்கு?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். மறைப்பு ஒன்றும் இல்லாத முகம். நான் என்ன கேட்கிறேன் என்று நிஜமாகவே யோசித்தான்.

"அது கத, மச்சான். இது பாடு" என்றான். "இன்னிக்கு தம்பி வூட்டு முறை. தண்ணி ஏறறதுக்குள்ள போவணும், கழி ஏத்த ஒரு கை குடு."

கழியின் ஒரு முனையை அவன் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்துத் தூக்கினேன்.