கொப்பரையின் அடியில் விளக்கு மார்க்கா

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது ஃபீபியின் வழக்கம். நிச்சயதார்த்தத் தட்டில் பழம் மட்டும் இல்லாமலிருந்தால் அதையும் கவிழ்த்திருப்பாள் என்று ஆம்பூரில் அவள் சொந்தக்காரர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். பாவம், பிழைப்பு அப்படி. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறாள். ஒவ்வொரு சோலின் அடியிலும் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு அம்பு. அம்பு காட்டுவது வார்த்த மாதம். நடுவில் இருப்பது வருஷம். நாள் முழுக்க அடியையே பார்க்கிறவளுக்கு மேல்பக்கம் எப்படிப் பிடிக்கும்?

சோலைப் பார்த்த கண் இரும்புக்குத் தாவியது. காயலான் கடை, ஏலகிரி மலைச் சந்தை, யார் வீட்டு அடுக்களையானாலும் சரி, வார்ப்பு இரும்பில் தோசைக்கல்லோ பணியாரச் சட்டியோ கண்ணில் பட்டால் போதும், கவிழ்த்து வயது சொல்லிவிடுவாள். எடையைப் பவுண்டில் வார்த்திருந்தால் பழசு. கிலோவில் இருந்தால் அறுபதுகளை ஒட்டியோ பிறகோ வந்தது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால், விற்கிறவர் என் பாட்டன் காலத்துச் சட்டி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. அடியில் ஆறின தழும்புபோல ஒரு கோடு ஓடினால், அங்கேதான் காய்ச்சிய இரும்பை ஊற்றியிருக்கிறார்கள். அது ரொம்பவே பழசு.

இந்த வித்தைதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

அவர்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு நூறு வயது நிறைந்தது. அங்கே இங்கிலீஷ் எழுத்துப் போட்ட பொருள் எதுவானாலும் வெள்ளைக்கார ஐயர், அதாவது கோயிலைக் கட்டிய பாதிரியார், கொடுத்தது என்பார்கள். மணி, கடிகாரம், போன தலைமுறையில் வாங்கிய மின்விசிறி உட்பட. பின்கட்டில் இருக்கும் பெரிய இரும்புக் கொப்பரையும் அப்படித்தான். அறுப்பின் பண்டிகைக்கு அதில்தான் ஃபீபியின் மாமனார் கிருபானந்தம் பிரியாணிக்குக் கத்திரிக்காய் வதக்குவார். புளியும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்காகவே வெளியூரிலிருந்து ஆள் வரும். வருஷம் முழுக்க வாயில்லாப் பூச்சியாக இருக்கும் மனிதர் அன்று மட்டும் ராஜா.

இந்த வருஷம் கொப்பரைக்கு மாலை போட்டு வாசலில் வைக்கப் போகிறார்கள். வயதைச் சொல்ல ஃபீபியைக் கூப்பிட்டார்கள். நாலு பேர் கவிழ்க்க, அவள் குனிந்து கரியைச் சுரண்டினாள். முதலில் வந்தது எடை, கிலோவில். அப்படியானால் நூறு வயது இருக்க வழியில்லை. இன்னும் சுரண்டினாள். வட்டத்துக்குள் ஒரு விளக்கு. கம்பெனிக்கு வருகிற தோல்களின் முதுகில் தினமும் பார்க்கிற மார்க்கா அது. மேல்விஷாரத்தில் ரஃபி அகமது நடத்தும் தோல் பதனிடும் ஷாப்பின் மார்க்கா.

"இன்னாம்மா, எவ்ளோ வயசு?" என்று ஆசையாகக் கேட்டார் மாமனார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை அவளுக்கு. "மாமா, இது நம்ம கொப்பரையே இல்ல. மேல்விஷாரம் ரஃபி பாயோட மார்க்கா."

கிருபானந்தம் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அவர் வந்து சொல்ற வரைக்கும் இதுல நான் கை வெக்க மாட்டேன். அடுத்தவங்க பொருள்ல விருந்து வெச்சா உடம்புல ஒட்டுமா?"

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. இருந்த ஒரே ராஜாங்கத்தையும் பிடுங்கிவிட்டோமே என்று ஃபீபிக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு மேல்விஷாரத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஃபீபி போனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்ததும் ரஃபி அகமது சிரித்தார். "எங்க மார்க்காதான். ஆனா எங்க கொப்பரை இங்கயே கீதே! நோன்புக் கஞ்சி அதுலதான் காய்ச்சறோம்." பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். அதே அளவு, அதே வாய். மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாய், இத கொஞ்சம் கவுத்துப் பாக்கலாமா?" என்றாள் ஃபீபி.

கவிழ்த்தார்கள். அடியில் தழும்புக் கோடு. எடை பவுண்டில். பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை.

ரஃபி அகமது தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! அந்தக் காலத்துல இங்க பெருநாள் சமையலானாலும் அங்க பண்டிகையானாலும் ரெண்டு கொப்பரையும் ஒண்ணாத்தான் அடுப்புல ஏறும்னு அத்தா சொல்வாரு. கரி புடிச்சப்புறம் எது யாருதுன்னு எவன் பாத்தான்? மாத்தி எடுத்துட்டுப் போய்ட்டாங்க!"

ஆக, வெள்ளைக்கார ஐயர் கொடுத்தது நிஜம். இத்தனை வருஷமாக அது நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபீபிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நூறு வருசத்து சாமான், உங்களுது. எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றார் ரஃபி அகமது. வாய் சொன்னதே தவிர, கை கொப்பரையின் விளிம்பை விடவில்லை.

கிருபானந்தம் சுற்றிவந்து பார்த்தார், தட்டினார், உள்ளே கையை விட்டுத் தடவினார். முகம் தொங்கிவிட்டது. "பாய், கோவிச்சுக்காதீங்க. இது அடி ஜாஸ்தி கனம். என் கை அங்க கீற கொப்பரைக்குத்தான் பழகிப்போச்சி."

"அல்ஹம்துலில்லா!" என்றார் ரஃபி அகமது, வயிற்றில் பாலை வார்த்த மாதிரி. "இதுல காய்ச்சலன்னா எங்க ஆளுங்க கஞ்சிய தொடவே மாட்டாங்க."

ஞாயிறன்று சிலுவைக் கொப்பரை விருந்தாளியாக வந்து, மாலை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தது. விளக்குக் கொப்பரை பின்கட்டில் கத்திரிக்காயைக் கறுக்க வைத்தது. ரஃபி அகமது மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஃபீபி அன்று ஒன்றையும் கவிழ்க்காமல், போட்டதைச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் வண்டி வந்தது. இரண்டு கொப்பரையும் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆட்கள் ஒன்றைத் தூக்கப் போனதும், அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத கிருபானந்தம் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"பாத்து ஏத்துங்கப்பா! சிலுவ போட்டது பாய் வூட்டுக்கு, விளக்கு போட்டது கோயிலுக்கு. மாத்திக் கீத்தி எடுத்துட்டுப் போய்டப் போறீங்க!"