பத்து லட்சம் புகார்கள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பத்து லட்சம்' என்று பெயர். சம்பளத்தைப் பார்த்து வைத்த பெயரில்லை, பாவம். புதிய மென்பொருள் எதுவானாலும் அதன் வாயில் பத்து லட்சம் வரிகளைத் திணித்து, திணறுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஆறு வருடமாக நான் பக்கத்து நாற்காலி. கம்ப்யூட்டர் திணறினால்தான் மனிதருக்குச் சாப்பாடு இறங்கும்.

போன மாதம் ஒரு பஸ் கம்பெனிக்காக, பயணிகளின் புகார்களை அகரவரிசையில் அடுக்கும் மென்பொருள் வந்தது. "இது தேறிட்டா நீங்கதான் டீம் லீடர்," என்றார் மேனேஜர். மூன்று வருடமாக அந்தப் பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தவர் இவர். பத்து லட்சம் புகார்களையும் கண் மூடித் திறப்பதற்குள் அடுக்கி முடித்துவிட்டது. மேனேஜர் கட்டிப்பிடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். நம் ஆள் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு.

"அவ்வளவு புகாருக்கு எங்கங்க போனீங்க?" என்றார் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி.

"எங்கயும் போகல. 'பஸ் லேட்'னு ஒரு வரி. அதையே பத்து லட்சம் தடவை போட்டுட்டேன்."

"எல்லாம் ஒரே வரியா? அப்புறம் அதுல அடுக்க என்ன இருக்கு?"

அதைக் கேட்டது பக்கத்தில் இருந்த நான் மட்டும்தான். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பேசாமல் இருந்தால் பதவி கைக்கு வந்திருக்கும். ஆனால் அவர் நேராக மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபமாகவும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம். நிஜப் புகாரா, வேற வேறயா இருக்கணும். தேறலைன்னா லீடர் ஆசையை விட்டுடுங்க," என்றார் மேனேஜர்.

"நிஜப் புகார்தானே? எழுதிக்கோங்க," என்று வீட்டில் சோபாவில் சாய்ந்தாராம் அண்ணி. கழற்றிய சாக்ஸ் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது, தங்கை கல்யாண போட்டோவில் கொட்டாவி விட்டது, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடி மூன்று பேர் மேல் சந்தேகப்பட்டது. இரண்டு நாளில் எண்ணூறு புகார்கள். ஒவ்வொன்றும் ஐந்தாறு வரி. எதுவும் திரும்ப வரவில்லை.

திங்கட்கிழமை, நானூற்றுப் பன்னிரண்டாவது புகாரில் மென்பொருள் படுத்துவிட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் திரையில் இருந்ததை மெதுவாகப் படித்தார். "மொத்தம் எத்தனை?"

"எண்ணூறு சார்."

"எல்லாத்தையும் உக்காந்து கேட்டீங்களா? நடுவுல எழுந்து போகாம?"

"ஆமா சார். டைப்பும் பண்ணேன்."

"மெஷினே பாதியில படுத்துடுச்சு. லீடர் நீங்கதான்யா."